யானைப் படம் மாட்டிய சுவர்

மேல்கொட்டாய்,
2.9.2024

சாரா டீச்சருக்கு, பால்வாடி ஆயா அத்தாயி எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன மாசம் உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். அது உங்களுக்கு வந்திருக்காது. ஊராட்சி ஆபீஸ் சுவரில் சிவப்பாக ஒரு பெட்டி தொங்குகிறது இல்லீங்களா, தபால் பெட்டி என்று நினைத்து அதில் போட்டுவிட்டேன். அது புகார் பெட்டியாம். திருப்பிக் கேட்கப் போனால் சாவி யாரிடமும் இல்லை. மாட்டின நாளிலிருந்து அதைத் திறந்ததே இல்லையாம். கடைசியில் கல்லால் பூட்டைத் தட்டித் திறந்தார்கள். உள்ளே என் கடுதாசியும் பல்லி முட்டையும் இருந்தன. அங்கே கிளார்க் வேலை பார்க்கிற ஜெயபிரகாஷ் அதை நின்றுகொண்டு சத்தமாகப் படித்தான். முழுக்க உங்களைத் திட்டியிருந்தேன்.

"ஏனுங்க அத்தாயக்கா, புகாரு டீச்சர் மேலயா, டீச்சர் வாய் மேலயா?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும் சேத்துத்தான் சாமி. தனித்தனியா எழுதக் காயிதம் இல்லை" என்றேன்.

ஆகவே இது இரண்டாவது கடுதாசி. திட்டினதெல்லாம் அதிலேயே போய்விட்டதால் இதில் மிச்சம் மீதிதான் இருக்கும். பயப்படாமல் படிக்கலாம்.

வளைவுப் பாறை மேல் ஏறி நின்றால்தான் இங்கே போன் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏறுகிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. மலை இறங்கிக் கீழ்நாட்டுக்குப் போனதும் காதும் அடைத்துவிட்டதா டீச்சர்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "புதுக் கட்டடம் கேட்டு எழுதியிருக்கேன், இஞ்சினியர் பாக்க வருவாரு" என்று சொன்னீர்கள். நீங்கள் ஏற்காட்டுக்கு மீட்டிங் போன நாளாகப் பார்த்து அவர் வந்தார். வருகிறார் என்று விடியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வோம்? கிழிசல் பாயைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு நல்ல பாயை விரிப்போம். அதைத்தான் செய்தேன். வடக்குச் சுவர் விரிசலில் செம்மண்ணைக் குழைத்து அப்பினேன். சுண்ணாம்பு அடித்தேன். ஈரம் தெரியக்கூடாது என்று, உயரத்தில் இருந்த மிருகங்கள் சார்ட்டைக் கழற்றி அதன் மேல் தாழ்வாக மாட்டினேன். பிள்ளைகள் குறைச்சலாக இருக்கிறார்களே என்று எஸ்டேட் லைன் ஊடுகளிலிருந்து நாலு பேரை இரவல் வாங்கி உட்காரவைத்தேன். சூப்பர்வைசர் வந்தால் நீங்களும் நானும் சேர்ந்து செய்கிற வேலைதானே இது?

இஞ்சினியர் சத்துமாவு உருண்டை தின்றார். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கட்டடம் நல்ல நிலையில் இருக்கிறது, புதிது தேவையில்லை என்று எழுதுவார் என்று நான் கண்டேனா? நன்றாக வைத்திருப்பவர்களுக்குத்தான் நல்லதைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டீர்கள். உங்களைக் கீழே மாற்றினார்கள். அதற்கு நான் அழுதேன், அது வேறு. ஆனால் போகிற அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் என்னைப் "படிக்காத ஜென்மம்" என்றீர்களே. நம் ராணி மகள் சிவசக்தி அதை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். "படிக்காத ஜென்மம், பருப்பு கடைஞ்சா" என்று அடுத்த அடியையும் அவளே கட்டிவிட்டாள். நாலு வயசுக்கு நல்ல மூளை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததிலேயே அவளுக்கு நன்றாக ஏறினது அதுதான்.

இன்னொன்று. சார்ட் தாழ்வாக இருப்பதால் பிள்ளைகள் போய்த் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள். படம் பிள்ளைகள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதாகச் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். கிழித்துவிடும் என்று நான்தான் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தேன். இப்போது உங்கள் ஆசை என்னால் நிறைவேறியது. நன்றி சொல்ல வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் வாழவந்தி பால்வாடி டீச்சருக்கு இதையும் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பாவம், வாரத்தில் ஒரு நாள் மூச்சிரைக்க வந்து போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார். சோறும் நானே, பாட்டும் நானே.

இப்படிக்கு,
படிக்காத ஜென்மம்
அத்தாயி

*

ஓமலூர்,
15.9.2024

அத்தாயி அக்காவுக்கு,

கடிதம் வந்தது. போனை எடுத்தால் சண்டை போடுவேன், அதனால்தான் எடுக்கவில்லை. கடிதம் என்றால் கோபம் வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடலாம். இதற்குள் பல தடவை வைத்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுவை நான் வருடா வருடம் எழுதினேன். ஒருவர் வந்து பார்ப்பதற்கே அத்தனை காலம் ஆனது. வந்தவருக்கு நீங்கள் நல்ல பாயை விரித்தீர்கள்.

இங்கே என் பால்வாடி மையம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். டைல்ஸ் தரை. சுவரில் ரயில் வண்டி வரைந்திருக்கிறார்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்து. பிள்ளைகள் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாய். இதையும் அதே அரசாங்கம்தான் கட்டியது. முதல் நாள் அந்தச் சுவரை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தேன். பிள்ளையை விட வந்த ஒரு தாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் இங்கே ஆயா இல்லை. இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு ஆள் போடவில்லை. கதை சொல்ல உட்கார்ந்தால் சோறு அடிபிடிக்கிறது. சோற்றைப் பார்க்கப் போனால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்கிறார்கள். மேலே ஆள் இருந்தது, சுவர் சரியில்லை. கீழே சுவர் இருக்கிறது, ஆள் இல்லை. ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதுதான் கடைசிவரை நிற்கும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் நல்ல கட்டடத்தில் நின்றுதான் சொல்கிறார்கள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள். அப்பிய மண்ணைச் சுரண்டிவிட்டு, விரிசலை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பும்படி ஜெயபிரகாஷிடம் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால். பிள்ளைகளைத் தெற்குப் பக்கமாக உட்காரவையுங்கள்.

அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைப் பற்றி இப்போது எழுதத் தோன்றவில்லை.

சாரா

*

மேல்கொட்டாய்,
6.10.2024

டீச்சருக்கு,

உங்கள் கடுதாசி உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருந்தது. இருந்தாலும் குடித்துவிட்டேன்.

சுவரைத் தள்ளிப் பார்த்தீர்களா? நல்ல வேளை, அது விழவில்லை. விழுந்திருந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

சார்ட் விஷயம். கழற்றப் போனேன், நிஜமாகவே போனேன். சிவசக்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளை சார்ட்டில் இருக்கிற யானைக்கு ஒரு வாய் ஊட்டாமல் தான் சாப்பிடுவதில்லை. யானை வாய்ப் பக்கமெல்லாம் பருப்புக் கறை. எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தவள், யானையோடு பந்திக்கு உட்கார்ந்ததிலிருந்து மஞ்சளுக்கு ஏறியிருக்கிறாள்.

"யானையை எங்க கூட்டிட்டுப் போற?" என்றாள்.

"ஆபீசருக்குக் காட்டப் போறேன் சாமி."

"ஆபீசர் எழுதிட்டுப் போயிருவாரு. யானை இங்கயே இருக்கட்டும்."

ஆபீசர்களைப் பற்றி இந்த வயசிலேயே தெரிந்துவைத்திருக்கிறாள். ஆகவே யானை இருக்கிறது. தீபாவளி கழிந்ததும் அவள் தூங்குகிற நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறேன்.

விரிசல் சார்ட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது, கட்டைப் போர்வைக்கு வெளியே கால் வருகிற மாதிரி. சூப்பர்வைசர் அம்மாவிடம் காட்டினேன். "பேப்பர்ல நல்ல நிலைன்னு இருக்குதுங்களே, நான் என்னங்க பண்றது?" என்றார். "அப்ப அந்தப் பேப்பரைக் குடுங்க, மழைக்கு மேல போத்தி வெக்கறேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரும் உங்கள் ஜாதிதான், சிரிக்கவில்லை.

பிள்ளைகள் தெற்குப் பக்கம்தான் உட்காருகிறார்கள், நீங்கள் சொன்னபடி. விளையாட்டுச் சாமான் பெட்டியை மறுபடி பூட்டச் சொல்லிவிட்டார்கள். உடைந்தால் ஆடிட்டில் கேட்பார்களாம். பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது, இடுப்புக்கு ஆடிட் கிடையாது.

காபிப் பழம் அங்கங்கே சிவக்கிறது. ராணிக்கு எஸ்டேட்டில் வேலை தொடங்கிவிட்டது. விடிகிறதுக்கு முன்னால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். என்னை நம்பித்தான்.

அத்தாயி

*

சேலம், பெரிய ஆஸ்பத்திரி,
27.10.2024

அத்தாயி அக்கா,

ராணி போன் செய்துதான் எனக்குத் தெரியும். நேற்று முதல் இங்கேதான் இருக்கிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிவசக்தி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நசுங்கிப் போனதைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். ராணி கைநாட்டு வைத்தாள். வைத்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், மை போன பிறகும்.

ராணிக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

இன்று மதியம் பிள்ளை கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. "டீச்சர், யானை மேல சுவரு விழுந்துருச்சு" என்றாள். "யானைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். காலைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

நான் கழற்றச் சொல்லியிருந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதியபின் பார்த்தால் இதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

என்ன நடந்தது என்று நீங்கள் எழுதுங்கள். சொல்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சாரா

*

மேல்கொட்டாய்,
5.11.2024

டீச்சருக்கு,

மழை விடாமல் பெய்தது. பிள்ளைகள் தெற்குப் பக்கம்தான் இருந்தார்கள். சோறு போட்டுவிட்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். சிவசக்தி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். யானைக்குக் கொடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தினமும் போகிறவள்தான். இன்றைக்குப் போகாதே என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையைச் சாய்த்த மாதிரி இருந்தது.

மற்றவர்களை வெளியே தள்ளினேன். கையால் மண்ணை அள்ளினேன். எஸ்டேட் டிரைவர் பெருமாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தான். ராணி ஈரச் சாக்கைத் தலையில் போட்டபடியே ஓடி வந்து ஏறினாள். எனக்கு ஜீப்பில் இடம் இல்லை. ராணி இடம் கொடுக்கவில்லை.

விரிசலை மறைக்கத்தான் படத்தைத் தாழ்வாக மாட்டினேன். தாழ்வாக இருந்ததால்தான் அவளுக்கு எட்டியது. உங்களுக்கு வந்து சேர்ந்த முதல் கடுதாசியில் இதைப் பெருமையாக எழுதியிருப்பேன். அது இருந்தால் கிழித்துப் போடுங்கள்.

ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். பலத்த மழையால் சேதம் என்று எழுதினார்கள். என்னைக் கூப்பிட்டு, "முன்னாடி விரிசல் ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்கள். வாயைத் திறந்தேன். வேலை போய்விடும் என்றுதான் முதலில் தோன்றியது, பிள்ளையின் கால் தோன்றவில்லை. அவர்களே "இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள்.

இனி இங்கே பால்வாடி இல்லையாம். வாழவந்தியோடு சேர்க்கப் போகிறார்கள். எஸ்டேட் ரோட்டில் நடக்க வேண்டும். காட்டெருமை நிற்கிற ரோடு. மூன்று வயசுப் பிள்ளை எப்படி நடக்கும் என்று கேட்டதற்குப் பெற்றவர்கள் கொண்டுவந்து விடட்டும் என்றார்கள். பெற்றவர்கள் விடிவதற்கு முன்னால் பழம் பறிக்கப் போய்விடுகிறார்கள்.

மண்ணில் யானையைத் தேடினேன். அந்தத் துண்டு மட்டும் கிழியாமல் கிடைத்தது. அடுப்பு மேல் காயப்போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுங்கள்.

அத்தாயி

*

ஓமலூர்,
8.12.2024

அத்தாயி அக்காவுக்கு,

யானையைச் சிவசக்தியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம யானை இல்லை, இதுக்கு வாயில பருப்பு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மழையில் கறை போய்விட்டிருந்தது. என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஒழுங்காகப் பேசினேன், சத்தம் போடவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கட்டடம் நல்ல நிலையில் இருந்தது என்று அறிக்கை இருக்கிறது. விழுந்தது மழையால். ஆகவே யார் மீதும் தவறு இல்லை. பிள்ளைகளும் குறைவு. அதனால் புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்க முடியாது, மையத்தை இணைப்பதுதான் வழி. விரிசல் முன்பே இருந்தது என்று நான் சொன்னேன். மாற்றலாகிப் போனவர் வருத்தத்தில் பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்கள். என் முன்னாலேயே சொன்னார்கள்.

விரிசல் இருந்தது, அது மறைக்கப்பட்டது என்று மறைத்தவரே சொன்னால் அந்த அறிக்கை நிற்காது. அப்போது என் மனுவை எடுத்தே ஆக வேண்டும். இது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சொல்லுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லாதீர்கள் என்று எழுதவும் வரவில்லை. உங்கள் வேலை போய்விடும். ஓய்வு பெறும்போது வருகிற கொஞ்ச நஞ்சமும் போகலாம். உங்கள் மகன் அனுப்புவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு உங்களை அப்படிச் சொன்னது தவறு. பிள்ளைகள் முன்னால் சொன்னது அதைவிடத் தவறு. சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைத்தது நானும்தான். பெட்டியில் இருக்கிற பொம்மைகளைப் போட்டோவுக்கு மட்டும் எடுத்துப் பரப்பி, பிறகு பூட்டியதும் நான்தான். உள்ளதைக் காட்டக்கூடாது என்று உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சி பெற்றவள் நான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரமாட்டேன்.

சாரா

*

மேல்கொட்டாய்,
29.1.2025

டீச்சருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதினால் நீங்கள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி என்னைத் தடுத்துவிடுவீர்கள் என்றுதான். உங்கள் நல்ல வார்த்தை அபூர்வம், அதனால் பலம் ஜாஸ்தி.

குடியரசு தினத்தன்று கிராம சபை. ஷாமியானா போட்டு, டீயும் பன்னும் கொடுத்தார்கள். முதலில் தண்ணீர், பிறகு ரோடு, பிறகு தெருவிளக்கு. ஆபீசர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன்.

"உங்களுக்கு என்னம்மா வேணும், தண்ணியா ரோடா?" என்று மைக்கில் கேட்டார் ஒருவர்.

"சுவருங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாயி எழுந்தால் சிரிக்கவேண்டும் என்று பழக்கம். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

பிறகு சொன்னேன். விரிசல் முன்னாடியே இருந்தது, கை நுழைகிற அளவுக்கு இருந்தது. டீச்சர் எழுதிப் போட்டார். பார்க்க வந்த அன்றைக்கு நான்தான் மண்ணை அப்பினேன், சுண்ணாம்பு அடித்தேன், படத்தை மாட்டினேன். அந்தப் படத்தைத் தொடப் போய்த்தான் பிள்ளைக்குக் கால் போனது. மழை மேல் எழுதியிருப்பதை அழித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், ஆனால் டீச்சர் கேட்ட கட்டடத்தைக் கொடுங்கள் என்றேன்.

"ஏம்மா, விசாரணைக்கு வந்தப்ப இதை ஏன் சொல்லலை?"

"அப்பப் பயமா இருந்துச்சுங்க. இப்பவும் நொம்பப் பயமாத்தான் இருக்குது. உக்காந்துட்டா மறுக்கா எந்திரிக்க மாட்டேன், அதனாலதான் நின்னுட்டே சொல்லிப்போடறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ராணி எழுந்து வந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஆபீசர்கள் முன்னால் நின்றாள்.

"அவங்க மறைச்சாங்க, சரி. பாக்க வந்தவரு ஒரு தடவை அந்தப் படத்தைத் தூக்கிப் பாத்தாருங்களா?"

"என்ற புள்ளைக்கு எட்டுன படம்ங்க அது. அவருக்கு எட்டலைங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தீர்மானம் எழுதினார்கள். எழுதினது ஜெயபிரகாஷ். நான் சொன்னதையெல்லாம் அவன் எழுதி முடித்தான், இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை.

நேற்று என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எந்த வேலைக்கு என்று கேட்டேன். பால்வாடிதான் இல்லையே.

அத்தாயி

*

ஓமலூர்,
16.2.2025

அத்தாயி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மையத்தில் வைத்துப் படித்தேன். அன்றைக்குச் சோறு முழுக்க அடிபிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு முட்டை மட்டும் கொடுத்தேன்.

ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மனுவின் நகல் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எழுதியதை என்னிடமே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் கொடுத்தேன். இணைப்பை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வேறொரு இஞ்சினியர் வந்து மீதிக் கட்டடத்தைப் பார்த்து எழுதுவார். அவர் எழுதினால், அடுத்த வருடத்து நிதியில் கேட்பார்கள். கேட்டால் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கேட்பார்கள் என்றுதான் சொன்னார்கள்.

சிவசக்திக்குச் செயற்கைக் காலுக்கு அளவு எடுத்தார்கள். வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ராணி அதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். வளருகிற வரைக்குமா, வளர்ந்த பிறகுமா என்று கேட்டாள்.

உங்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன், வேலையைத் திருப்பித் தரச் சொல்லி. என் எழுத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

போன் செய்தால் இனி எடுப்பேன். ஆனால் முழங்காலோடு பாறை ஏற வேண்டாம். எழுதுங்கள்.

உங்கள்
சாரா

*

மேல்கொட்டாய்,
20.3.2025

சாரா கண்ணுக்கு,

டீச்சர் என்று எழுதவில்லையே என்று கோபிக்க வேண்டாம். இப்போது நான் ஆயா இல்லை, நீங்கள் எனக்கு டீச்சரும் இல்லை. வயசுக்கு மரியாதை இனி உங்கள் பக்கமிருந்துதான் வர வேண்டும். சோற்றை அடிபிடிக்கவிட்டதற்கு ஒரு நாள் கீழே வந்து திட்டுவேன்.

காபி முடிந்து எஸ்டேட்டில் இப்போது மிளகு பறிக்கிறார்கள். போன வாரம் விடியும்போது வாசலில் சத்தம் கேட்டது. ராணி. சிவசக்தியைக் கட்டிலில் உட்காரவைத்தாள், சோற்றுத் தூக்குப் போசியைப் பக்கத்தில் வைத்தாள், போய்விட்டாள். சாயங்காலம் வந்து அதே மாதிரி தூக்கிக்கொண்டு போனாள். தினமும் இப்படித்தான். என்னை மன்னித்துவிட்டாள் என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். நானும் படவில்லை. மிளகுக் கொடி கட்டின மரத்தடியில் பிள்ளையை எவ்வளவு நேரம் வைக்க முடியும்? வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். இப்போது இன்னும் சில பேர் கொண்டுவந்து விடுகிறார்கள். முட்டை இல்லை, சத்துமாவு இல்லை. இருக்கிற சாமைக் கஞ்சியை ஊற்றுகிறேன். பாட்டு மட்டும் அதேதான், "படிக்காத ஜென்மம், பருப்பு கடைஞ்சா." சிவசக்தி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நேற்று அவள் தன் காலைப் பார்த்து, "அத்தாயி, இது எப்ப மொளைக்கும்?" என்றாள். நான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

புது இஞ்சினியர் செவ்வாய்க்கிழமை வந்தார். அருண்குமார் என்று பெயர், சின்னப் பையன், ஹெல்மெட்டோடு நடந்தே ஏறி வந்தார். நான் எதையும் பெருக்கவில்லை. சுண்ணாம்பைத் தொடவில்லை. உருண்டையும் பிடிக்கவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரைத்தான் காட்டினேன். எனக்கு அங்கே நிற்க உரிமை இல்லை என்று வாழவந்தி டீச்சர் கண்ணைக் காட்டினார். நான் ரோட்டில் நின்றுகொண்டுதான் பேசினேன், ரோட்டுக்கு யாரும் உத்தரவு போட முடியாது.

தம்பி நன்றாகத்தான் பார்த்தார். விழுந்த வடக்குச் சுவர், சாய்ந்து நிற்கிற கிழக்குச் சுவர், கூரை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். மேற்குச் சுவரில் உங்கள் அ ஆ சார்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் அப்படியே படம் பிடித்துவிட்டுக் கிளம்பினார்.

"தம்பி, அதைத் தூக்கிப் பாத்துட்டுப் போங்க" என்று ரோட்டிலிருந்து சொன்னேன்.

அவர் திரும்பிப் போனார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்ததால் போனைச் சுவரோரமாகத் தரையில் வைத்தார். சார்ட்டைத் தூக்கினார். சார்ட்டோடு ஆணி வந்தது. ஆணியோடு ஒரு செங்கல் வந்தது. செங்கல் போன் மேல் விழுந்தது. அன்றைக்கு எடுத்த படம் எல்லாம் அதில்தான் இருந்ததாம். அடுத்த மாசம் மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தாயி